பின்னறைச் சூடு

என் வீட்டுக்காரருக்குக் கடையில் வைத்திருக்கும் பெயர் ‘மறுபடியும்’. வீடுகளுக்குச் சூடும் குளிரும் வரும்படி மெஷின் பொருத்திக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. வேலை முடிந்து வண்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள், “இரு, மறுபடியும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்பார். ஒயர் உரசுமோ, கேஸ் கசியுமோ, தண்ணீர் சொட்டுமோ! கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் பயப்படாமல் சாப்பிட்ட ஒரு வேளைச் சோற்றை நான் பார்த்ததில்லை. வண்டி ஓட்டுவதும் ஏணி பிடிப்பதும் நான். வாடிக்கையாளரிடம் பேசுவதும் நான்தான், அவர் பேசினால் அவர்களும் சேர்ந்து பயந்துவிடுவார்கள்.

டீச்சரம்மா வீட்டுக்கு நாங்கள் போனது குளிர்காலம் முற்றிய நேரம். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. இடது கை விரல்கள் மட்டும் லேசாக அசையும். பின்னறைக் கட்டிலே கதி. அவருக்குக் குளிர் ஆகாது, டீச்சரம்மாவுக்குச் சூடு ஆகாது, கொஞ்சம் புழுங்கினாலே மூச்சு முட்டும் என்பார். அதனால் அறைக்கு அறை தனி ஏற்பாடு கேட்டார்.

மெஷின் ஒன்றுதான். கூரைக்கு மேலே குழாய்கள் ஓடும், ஒவ்வோர் அறைக்கும் குழாயில் ஒரு மூடி. அறைக்கு ஒரு வயர்லெஸ் தெர்மோஸ்டாட், மேசைக் கடிகாரம் அளவுக்கு. தான் இருக்கிற இடத்தின் குளிரை அது அளந்து மெஷினுக்குச் சொல்லும், அந்த அறையின் மூடி திறந்து சூடு இறங்கும். போதுமென்றால் மூடிக்கொள்ளும்.

பின்னறையில் அதைச் சுவரில் திருகி வைக்கத்தான் இவர் நினைத்தார். டீச்சரம்மா விடவில்லை.

“ஓட்டை போடாதீங்க தம்பி, இப்பதான் பெயின்ட் அடிச்சோம். அதுக்கே ஸ்டாண்டு இருக்கே, கட்டில் பக்கத்துல நிக்கட்டும்.”

“சரிம்மா. ஆனா இதை இங்கேர்ந்து எடுக்காதீங்க.”

“எதுக்கு எடுக்கப்போறேன்?”

வண்டியில் வரும்போது வழியெல்லாம் புலம்பல். “திருகியிருக்கணும்டி. கேட்டிருக்கவே கூடாது.” நான் எரிந்து விழுந்தேன். “ஏங்க, அவங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க. ஒரு பொட்டியை வச்ச இடத்துல வச்சிருக்கத் தெரியாதா?”

மறுநாள் பகலில் பக்கத்துப் பேட்டையில் வேறொரு வேலை. பாதி வேலையில் இவருக்கு அரிப்பு தாங்கவில்லை, போனை எடுத்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கை முழுக்கப் பிசுக்கு என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், எனக்கும் கேட்டது.

“கவலையே படாதீங்க தம்பி,” என்றார் டீச்சரம்மா. குரலில் அப்படி ஒரு நிம்மதி. “இத்தனை நாளா அவரை விட்டுட்டு வாசப்படி தாண்டினதில்ல. இன்னிக்குத்தான் தைரியமா மருந்துக் கடைக்கு வந்திருக்கேன். காலையிலேர்ந்து ஒரே கூட்டம். நீங்க குடுத்தது பையிலயே இருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் அவரைப் பாத்துக்கறேன்.”

“எது பையில இருக்கு?” என்று கேட்டார் இவர்.

“அவர் ரூம் சூடு காட்டுமே, அதான். வயர் கிடையாதே, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஆனா ரூம் ரொம்பக் குளிருது போல, பாவம். பதினஞ்சு டிகிரிதான் காட்டுது. கேட்டைத் தாண்டும்போதே முப்பதுக்கு ஏத்திவிட்டேன், இன்னும் ஏறவே மாட்டேங்குது.”

இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“வீட்டுக்கு ஓடுங்கம்மா! உடனே ஓடுங்க!” என்று கத்தினார். என்னைப் பார்த்து, “வண்டியை எடுடி” என்றார்.

எனக்கு விளங்க ஒரு நொடி பிடித்தது. அந்தப் பெட்டி காட்டுவது தெருக்குளிரை. அந்தக் குளிரைப் பார்த்து, கேட்டருகில் நின்றபோது அது மெஷினுக்குக் கொடுத்த கடைசி உத்தரவு ‘சூடு வேண்டும்’. தூரம் போனதும் சிக்னல் அறுந்திருக்கும். சில மெஷின் அப்போது தானாக நிற்கும். இந்த ரகம் நிற்காது, கடைசி உத்தரவையே பிடித்துக்கொண்டு ஓடும். மற்ற அறைகளின் மூடியெல்லாம் மூடியிருக்க, வீட்டுக்கே உண்டான சூடு முழுக்க அந்த ஒரு சின்ன அறையில் கொட்டிக்கொண்டிருக்கும். கழுத்துவரை போர்த்திவிட்ட மனிதர். உதறவும் முடியாது, கூப்பிடவும் முடியாது.

எப்படி ஓட்டினேனென்று இன்றைக்கும் தெரியாது. பக்கத்தில் இவர், “ரூம் கதவைத் திறந்து வச்சிருப்பாங்களா? திறந்து வச்சிருக்கணும், கடவுளே” என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வீடு பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. இவர் ஓடிப்போய் அதன் மெயின் சுவிட்சை அணைத்தார். பின்னறை ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. இந்த மனிதர், ஒரு திருகு கீறினாலே மன்னிப்புக் கேட்கிறவர், பைப் ரெஞ்சை எடுத்து ஒரே போடாகக் கண்ணாடியை உடைத்தார். அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

இவர் உள்ளே ஏறிக் குதிக்க, நானும் பின்னாலேயே ஏறினேன். கட்டிலில் டீச்சரம்மாவின் கணவர் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. வேர்வைகூட நின்றுபோய்த் தோல் காய்ந்து கொதித்தது. கண் பாதி திறந்திருந்தது. செத்துட்டாரா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியமில்லை. அந்த இடது கை போர்வை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. விரல் நுனி ரணமாகியிருந்தது. எவ்வளவு நேரமாகக் கிள்ளினாரோ, பாவி மனுஷர்.

இவர் போர்வையை இழுத்தெறிந்து கதவையெல்லாம் திறந்தார். நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கண் என் பக்கம் திரும்பியது. நான் வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் டீச்சரம்மா மூச்சிரைக்க வந்தார். உடைந்த கண்ணாடியையும் எங்களையும் பார்த்துவிட்டு, கையிலிருந்த பெட்டியைத் தூக்கிக் காட்டினார்.

“என்ன தம்பி இது? இப்பக்கூடப் பாத்தேனே, பதினாறுதான். குளிர்லதானே இருந்தாரு?”

நான் இவரைப் பார்த்தேன். எப்போதும் நான்தான் பேசுவேன், இந்தத் தடவை துணியை நனைக்கத் திரும்பிக்கொண்டேன். இவர் மெதுவாகச் சொன்னார். “அம்மா, அது எங்க இருக்கோ அங்கதான் அளக்கும். காலையிலேர்ந்து அது உங்களைத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்துச்சு.”

டீச்சரம்மா பெட்டியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கணவரின் அந்த விரல்களைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அவரை யாரு பாத்துக்கிட்டா?” என்றார்.