ஆடுதீண்டாப்பாளையும் வெள்ளெலிகளும்

என் வீட்டுக்காரிக்கு மார்பில் இருப்பது புற்றுக் கட்டி என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொன்னது அறுபதுகளின் கடைசியில். கட்டியைப் பொசுக்கக் கரண்ட் வைத்தார்கள்; கதிர் வைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஊருக்கு அனுப்பும்போது, "வீட்ல வெச்சு நல்லா பாத்துக்குங்க" என்றார்கள். நான் ஐந்தாவது படித்தவன்தான். ஆனாலும் அந்தப் பேச்சின் அர்த்தம் புரிந்தது.

அப்போது விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் எனக்கு வேலை. லீவு நாட்களில், வெளியூர்க் கல்லூரியில் வேதியியல் நடத்தும் வாத்தியார் ஒருவருக்கு மூலிகை பறித்துக் கொடுப்பேன். செடிகளில் புற்றுக்கு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வருஷம் அவர் கேட்டது ஆடுதீண்டாப்பாளை. வரப்பில் படரும், அதன் கசப்புக்கு ஆடுகூட வாய் வைக்காது. நிழலில் காயவைத்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து, கட்டி வந்த வெள்ளெலிகளுக்கு ஊசி போடுவார்கள்.

மருந்துக்குச் செடி எடுக்க எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. ஞாயிறு விடிகாலையில் குளித்து, செடியின் சாபம் நீங்க வேண்டிக்கொண்டு, மஞ்சள் நூலில் செடிக்குக் காப்புக் கட்டி, நம் நிழல் விழாமல், இரும்பு படாமல் எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து வாத்தியார் ரயிலிறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஒரு சத்துல எலிங்களுக்குக் கட்டி சுருங்கியிருக்குதுங்க!"

கோயில் கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டேன். "எங்க வூட்ல அவங்களுக்கு எப்ப சார் குடுப்பீங்க?"

"அவசரப்படக் கூடாதுங்க. மறுபடியும் அதே மாதிரி வரணும். அப்புறம் பெரிய மிருகம். மனுஷங்க கடைசியிலதான்."

படுத்திருந்தவள் சிரித்தாள். "எலிக்கு மொதல்ல பாக்கட்டும் சார். ரேஷன் கடையில நிக்காத வரிசையா, நான் நிக்கிறேன்."

இரண்டாம் முறை அவரே மாணவர்களோடு வந்து, கடப்பாரையால் பெயர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போனார். ஒரு எலிக்கும் கட்டி சுருங்கவில்லை. மழைக்குப் பிறகு எடுத்ததால் இருக்கும், மண் வேறாக இருக்கும் என்றார். காப்புக் கட்டாததும் இரும்பு பட்டதும்தான் காரணம் என்றேன் நான்.

அவர் கேலி செய்யவில்லை. "எனக்கு அதுல நம்பிக்கை இல்லைங்க. ஆனா மொத தடவ செஞ்சத ஒண்ணு விடாம செய்யுங்க. அதையும் பாத்துடுவோம்."

அடுத்த வருஷம் அதே மாசத்தில், அதே வரப்புக்கு, தானும் வருவேன் என்று வீட்டுக்காரி அடம்பிடித்தாள். ஒரு கை வீங்கிப்போய்த் தூக்க முடியாது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கூட்டிப்போனேன். நூலின் ஒரு நுனியை நான் பிடிக்க, நல்ல கையால் அவளே முடிச்சுப் போட்டாள்.

"என்னாங்க, இந்தத் தடவ மருந்து புடிச்சிதுன்னா வாத்தியாருகிட்ட சொல்லிடுங்க. அந்தப் பெரிய மிருகம் நாந்தான்னு."

அவர் மறுபடி வந்தபோது வாசலிலேயே அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிட்டது. இம்முறை கட்டி சுருங்குமுன்பே, மருந்தின் விஷத்தில் எலிகள் செத்துவிட்டன. அந்தச் செடியை விட்டுவிடும்படி மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். "மொத தடவ கட்டி சுருங்குன எலிங்க இருக்குதில்ல சார்? அதுங்க எப்பிடி இருக்குது?"

அவர் என்னைப் பார்த்தார். "அதுங்கள அறுத்துத்தாம்மா பாத்தோம். அறுத்தாத்தான் உள்ள சுருங்குனது தெரியும்."

"அப்ப, ஒண்ணுகூட இல்லியா?"

"இல்லம்மா."

சரி என்பது போலத் தலையாட்டினாள். மருந்துப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை. நானும் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். பிழைக்க வை என்பதை விட்டு, வலியில்லாமல் அழைத்துக்கொள் என்று எங்கள் ஊர்க் கோயில் சாமி பழமலைநாதரிடம் கேட்டேன். பங்குனியில் போனாள். வலியில் கத்திக்கொண்டேதான் போனாள். சாமிக்கு விளக்கேற்றுவதை நான் நிறுத்தவில்லை. அவரிடம் என்ன கேட்கிறாய் என்றால் சொல்லத் தெரியாது.