எடை கேட்காத பட்டியல்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் நடந்தது இது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், அட்டைப்பெட்டி செய்யும் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே அட்டை வெட்டும் இயந்திரம் இறங்கும்போதெல்லாம் என் மேசை லேசாக அதிரும். அங்கே உட்கார்ந்துகொண்டு, ஓர் இணையக் கடைக்காக, பிரான்சில் இருப்பவர்களுக்குப் பனிச்சறுக்குச் சாமான் தேர்ந்தெடுக்க உதவுவதுதான் என் வேலை.

சிரிப்பு வரலாம். நான் படித்தது மெக்கானிக்கல். பள்ளியில் மதிப்பெண் கூட வரும் என்று தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டும் சேர்ந்ததால் இந்த வேலை கிடைத்தது. மற்றபடி ஃப்ரீசரைத் தவிர வேறெங்கும் நான் பனியைப் பார்த்ததில்லை.

சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். ஓடும்போது அது பூட்ஸை விடக்கூடாது. மோசமாக விழுந்தால் உடனே விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் அவ்வளவு நீளப் பலகை ஒரு பக்கம் திரும்ப, முழங்காலும் அதோடு சேர்ந்து திரும்பிவிடும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. அதை ஒரு திருகைத் திருப்பி வைப்பார்கள். ஆளின் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம் எல்லாம் பார்த்து வைக்க வேண்டிய எண் அது.

பனிமலையில் கம்பியும் மேடும் வைத்து அமைத்த 'பார்க்'கில் விளையாடுகிறவர்கள் தனி ரகம். இரும்புக் கம்பியின்மேல் வழுக்குவார்கள், மேட்டிலிருந்து தாவுவார்கள், பின்புறமாக வந்து இறங்குவார்கள். அவர்களிடம் பைண்டிங் சீக்கிரம் உடையும். அதனால் அவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எது நீடித்து உழைக்கும்?

அதற்கு நான் ஓர் அட்டவணை போட்டேன். முன்பகுதி உலோகமா பிளாஸ்டிக்கா, குதிகால் பகுதி எவ்வளவு அழுத்தம் தாங்கும், திருகு பிடிக்கும் அகலம் எவ்வளவு, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பிரித்து, உறுதியான வரிசையில் அடுக்கினேன். வாடிக்கையாளரிடம் கேட்க ஏழு கேள்விகளும் எழுதினேன். எனக்குப் பட்டியல் போட்டால்தான் மூச்சு விட முடியும். பரீட்சைக்கும் அப்படித்தான், மளிகைக்கும் அப்படித்தான்.

சீசன் சூடு பிடித்ததும் ஒரே நேரத்தில் மூன்று பேருடன் சாட்டில் பேச வேண்டியிருந்தது. கழுத்து மரத்துப்போகும். மதியச் சாப்பாடு மாலை டீயோடு சேர்ந்துவிடும். ஏழு கேள்வி கேட்டால் பாதிப் பேர் நடுவிலேயே போய்விட்டார்கள். அதிலும் எடை கேட்டால் கோபம் வேறு. ஒரு பெண்மணி எனக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து சீட்டில் ஓர் அக்கா, கோட்டக்குப்பத்திலிருந்து வருகிறவர். என் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "வெயிட்டு எவ்ளோன்னு நம்மூர்லயே கேக்க முடியாது, நீ பிரான்ஸ்காரிகிட்ட கேட்டுக்கினு இருக்க. ஒரு ஸ்டார் குடுத்தாளே, அதுவே பெருசு!"

அன்றே ஏழு கேள்விகளை நான்காகக் குறைத்தேன். எடை, உயரம், வயது மூன்றும் போயின. அங்கே பைண்டிங்கைப் பலகையில் மாட்டிவிடுகிற கடைக்காரர் அதைப் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். பேசும் நேரம் குறைந்தது, நட்சத்திரம் கூடியது. டீம் லீடர் என் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தூணில் ஒட்டி, எல்லோரும் இதையே பின்பற்றுங்கள் என்றார். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஒரு நன்றி மின்னஞ்சல் வந்தது. முந்தைய வாரம் ஒருவர், "எங்கள் வீட்டில் ஒரு சீசனுக்கு இரண்டு ஜோடி உடைகிறது, உடையாத ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். அட்டவணையின் முதல் வரியில் இருந்ததைச் சொல்லியிருந்தேன். தடித்த, முரட்டு ஆள் ஒருவரைத்தான் மனதில் நினைத்திருந்தேன். மின்னஞ்சலோடு படம் இருந்தது. பன்னிரண்டு வயதிருக்கும், ஒல்லியான ஒரு பெண் குழந்தை. தன் உயரமே உள்ள பலகையைக் கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பலகையில் நான் சொன்ன பைண்டிங். கீழே அப்பா எழுதியிருந்தார்: நானே மாட்டிவிட்டேன், நாளைக் காலை பார்க்கில் முதல் ஓட்டம்.

அந்தப் பைண்டிங்கில் ஆகக் குறைந்த எண்ணே ஆறு. அந்தக் குழந்தைக்கு எப்படிப் போட்டுப் பார்த்தாலும் நாலு, நாலரைக்கு மேல் வராது. இரண்டு தடவை கணக்குப் போட்டேன். திருகை முழுக்கத் தளர்த்தினாலும் அது அவளுக்குக் கழலாது. நான் சொன்னது உண்மையிலேயே உடையாத பைண்டிங்தான். உடைவதற்கு அங்கே மிச்சம் இருந்தது அவளுடைய கால்.

டீம் லீடரிடம் போனேன். அரியாங்குப்பத்திலிருந்து பைக்கில் வருகிறவர். அந்த மாதம் முழுக்க யாரும் சரியாகத் தூங்கவில்லை, அவரும்தான்.

"விடும்மா. மாட்டிக்குடுக்கற கடையில அவனே பாத்துப்பான்," என்றார்.

"கடையில மாட்டல சார். அவங்க அப்பாவே மாட்டிட்டாரு. நாளைக்கு காலைல போறாங்க."

படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "நாமளா போன் பண்ணா ரெக்கார்டு ஆவும். உன் தப்புன்னு எழுதணும். ரெண்டு வாரத்துல உனக்கு கன்பர்மேஷன். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்ப பண்ணு. நான் பக்கத்துல உக்கார்றேன்."

மூன்று தடவை அடித்தும் அந்த அப்பா எடுக்கவில்லை. குரலஞ்சல் விட்டேன், மின்னஞ்சல் போட்டேன். மாலை ஆறு மணிக்கு, அங்கே மதியம், நான்காவது தடவை எடுத்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்த வாசகம் உண்டு. "ஒரு தொழில்நுட்பச் சரிபார்ப்புக்காக அழைக்கிறோம்" என்று தொடங்கும். அதையே சொன்னேன். அவர் நான் வேறு ஏதோ விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்து, நன்றி, தேவையில்லை என்று வைக்கப் போனார். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டேன். நான் உங்களுக்குத் தவறான பொருளைச் சொல்லிவிட்டேன், உங்கள் மகள் நாளை அதைப் போடக் கூடாது என்றேன்.

குறைந்த எண்ணில்தான் வைத்திருக்கிறேன், ஆறில், என்றார் அவர்.

ஆறே அவளுக்கு அதிகம், விழுந்தால் கழலாது, முழங்கால் திரும்பிவிடும் என்றேன்.

வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள். பின்சீட்டிலிருந்து குழந்தை என்னவோ கேட்டாள். பிறகு அவர் அமைதியான குரலில், நீங்கள் பனிச்சறுக்கு விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன். பனியைப் பார்த்ததும் இல்லை என்றேன்.

"பிறகு எப்படி மற்றவர்களுக்கு யோசனை சொல்கிறீர்கள்?" என்றார். தொடர்பு அறுந்தது.

டீம் லீடர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார். "எல்லாம் சரி. பாத்ததே இல்லன்னு அத வேற ஏம்மா சொன்ன?"

"கேட்டாரு சார்."

மறுநாள் எனக்கு விடுமுறை. முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி பிழிந்து போட்டுக்கொண்டே அலுவலக மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். நமக்குப் பகல் ஒன்றரை என்றால் அங்கே காலை ஒன்பது, பார்க் திறந்திருப்பார்கள். அம்மா கிளிப் டப்பாவோடு மேலே வந்தார்.

"இன்னாடி, காலைலேர்ந்து போனையே பாத்துக்கினு இருக்க?"

சொன்னேன்.

"அந்தப் பொண்ணு உனக்கு தெரிஞ்சவளா?"

"இல்லம்மா. போட்டோல பாத்ததுதான்."

"அவங்கப்பன்கிட்ட சொல்லிட்ட இல்ல? அப்பறம் இன்னா?"

சொல்லிவிட்டேன்தான். ஆனால் சொன்ன விதத்தில் அவர் நம்பினாரா, அல்லது பனியே பார்க்காதவளின் பேச்சு என்று தள்ளிவிட்டு அவளைக் கிளப்பிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. பதில் வரவே இல்லை. அன்று இரண்டு துணியைச் சோப்பு போகாமலே காயப்போட்டிருந்தேன். அம்மா மறுபடி அலசினார்.

திங்கட்கிழமை தூணில் இருந்த பட்டியலை நானே கிழித்தேன். என் பட்டியலைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள், ஆகவே தப்பு அந்த ஒரு வீட்டோடு முடிந்திருக்காது. பக்கத்து சீட் அக்கா முன்பு ரிட்டர்ன் பிரிவில் இருந்தவர்; கேட்காமலே கூட உட்கார்ந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பழைய சாட்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தோம். கண் எரிந்தது. அதே பைண்டிங்கை எடை கேட்காமல் சொன்னது பதினொரு பேருக்கு. பதினொரு பேருக்கும் எழுதினேன். ஒருவர் தன் எடை நூற்றுப் பத்து கிலோ என்று பெருமையாகச் சொல்லிச் சிரிப்புப் பொம்மை அனுப்பினார். ஒருவர் திட்டினார். இரண்டு பேர் மாற்றிக்கொண்டார்கள். மற்றவர்கள் பதில் போடவில்லை.

"உன்னாலதான் எனக்கும் கண்ணாடி வரப்போவுது. வாங்கி குடுத்துடு," என்றார் அக்கா. ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவர்தான் என் தோளைத் தட்டி அவருடைய திரையைக் காட்டினார். திரும்பி வந்த பொருட்களின் பட்டியல். அந்த அப்பாவின் ஆர்டர் எண். எங்களுக்கு ஒரு வார்த்தையும் எழுதாமல் பார்சலைத் திருப்பி அனுப்பியிருந்தார். கிடங்கில் பிரித்துப் பார்த்தவர் நிலைமை என்ற கட்டத்தில் அரை வரிதான் எழுதியிருந்தார்: 'திருகு மாட்டிய தடம் மட்டும், கீறல் எதுவும் இல்லை.'

கம்பியில் ஒரே ஒரு தடவை ஏறியிருந்தாலும் கீறல் விழுந்திருக்கும். அந்த வரியைப் பலமுறை படித்தேன். அக்கா தன் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. அதில் எனக்கு யார்மேலும் வருத்தமில்லை. இப்போதும் சீசன் வந்தால் கழுத்து மரத்துப்போகிறது, நட்சத்திரம் குறைகிறது, எடை கேட்டால் கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது ஒரு வயது கூடியிருக்கும், பார்க்கில் எங்கோ தாவிக்கொண்டிருப்பாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஒரு கிடங்குக்காரர் எழுதிய அரை வரியிலிருந்து தெரிந்துகொண்டேன். களைத்துப்போய் ஏதாவது ஒரு கேள்வியை விட்டுவிடலாமா என்று கை தயங்கும் ஒவ்வொரு மாலையும், அந்த அரை வரிதான் என்னை உட்கார்த்தி முழுக்கக் கேட்க வைக்கிறது.