வெயிலில் இளகிய சரிவின் உச்சியில்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நடந்தது இது. மொன்றியலிலிருந்து நாள் முழுக்கக் கார் ஓட்டி, கஸ்பெசி மலைப்பக்கம் பனிச்சறுக்குக்குப் போயிருந்தோம். நான், என் கணவர், செயின்ட்-மிஷேலில் என்னோடு ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்யும் கியூபெக் தோழி. எங்கள் இருவருக்கும் சறுக்கப் பழக்கியவள் அவள்தான். கணவருக்கு ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை வேலை. சனிக்கிழமை லீவு கிடைப்பது அபூர்வம் என்பதால் இந்தப் பயணத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்.

அது லிஃப்டில் ஏறிப்போகும் இடம் இல்லை. காட்டு வழியே நாமே ஏறி, மறுபக்கத்து வெட்டவெளிச் சரிவில் சறுக்கி இறங்க வேண்டும். பனி மொத்தமாகச் சரிந்து ஆளை மூடும் ஆபத்து பற்றிய அன்றைய அறிவிப்பைக் காலையிலேயே வாசித்தோம். வெயில் ஏற ஏற ஆபத்து கூடும், தெற்குப் பார்த்த சரிவுகளிலிருந்து நேரத்தோடு இறங்கிவிடுங்கள் என்றிருந்தது. எங்கள் திட்டமும் அதுதான். ஆனால் என் சப்பாத்தின் கொளுக்கி கழன்று, அதைச் சரிசெய்வதிலேயே காலை போய்விட்டது.

உச்சிக்கு வந்தபோது மேல்சட்டையைக் கழற்றும் அளவுக்கு வெயில். நீல வானம், காற்றே இல்லை. ஆனாலும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஊன்றுகோலைக் குத்தினால் பிடிவரை இறங்கியது. இரவு பனி இறுகவே இல்லை போலும். கீழே பாறையோரமாகச் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் யாரும் தொடாமலே உருண்டன. பனி சரியப் போவதன் அறிகுறி அது என்று தோழி முன்பே சொல்லித் தந்திருக்கிறாள். தோழியைப் பார்த்தேன், கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுவிட்டார். தாமதமே என்னால்தான். இப்போது நானே வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

கடைசியில், "எனக்கு இது சரியாப் படேல்லை. வந்த வழியாலேயே இறங்குவம்" என்றேன். தோழிக்கும் பிரெஞ்சில் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு இளைஞர்கள் ஏறி வந்தார்கள். போன்ஜூர் சொல்லிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக அதே சரிவில் சறுக்கிப் போனார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கீழே நின்று எங்களுக்குக் கைகூட அசைத்தார்கள். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

மரங்களுக்கிடையே இடறி இடறி இறங்கினோம். வீணாகப் பயந்து எல்லாருடைய நாளையும் கெடுத்துவிட்டேனோ என்று குமைந்தேன். அதே சமயம், பின்னால் பனி சரியும் சத்தம் வருகிறதா என்று காது தேடிக்கொண்டே இருந்தது. எந்தச் சத்தமும் வரவில்லை.

காரில் ஏறியதும் கணவர் உடனே கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"அந்த உருண்டையளை நானும் கண்டனான்," என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் ஆசையா வந்தனீங்கள் எண்டு பேசாமல் நிண்டன். நீர் வாய் திறக்காட்டில் அந்தச் சரிவில இறங்கியிருப்பன்."

அவர் என்ன சொல்கிறார் என்று தோழி கேட்டாள். சொன்னேன். அந்த உருண்டைகளைத் தானும் கண்டதாகவும், அவருக்கு அபூர்வமாகக் கிடைத்த லீவாயிற்றே என்று தயங்கி நின்றதாகவும் மெதுவாகச் சொன்னாள்.

நான் திரும்பி அந்த மலையைப் பார்த்தேன்.

அந்தச் சரிவு பிறகு சரிந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மூவரும் ஆபத்தைக் கண்ணால் கண்டுவிட்டு, மற்றவர் மனம் நோகக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டு நின்றோமே, அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.