கெட்டுப்போன தாள்

நிலம் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கடல் அலை, காற்று, எங்கோ போகும் லாரி எல்லாம் சேர்ந்து அதை லேசாக அதிரவைத்துக்கொண்டே இருக்கும். காலுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தக் கருவியை ஓட்டுவதுதான் எனக்கு வேலை. தரையில் வைத்த பெட்டி அதிர்வை வாங்கும். ஒயரின் மறுமுனையில் பேனா தாளில் கோடு போடும். கழுகுமலைப் பாறைமேல் வைத்தால் கோடு அடங்கிக் கிடக்கும். கோவில்பட்டிக் கரிசலில் வைத்தால் அகலமாக ஆடும். நிலநடுக்கம் வந்தால் எந்தத் தெரு அதிகமாக ஆடும் என்று இதை வைத்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்பார் எங்கள் அதிகாரி.

ஆனால் பக்கத்தில் யாரும் நடக்கக் கூடாது. இதற்காக ஊர் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். உலக்கை போட்ட பெண்களை அதட்டினேன். ஆட்டு மந்தையைத் திருப்பி விரட்டினேன். “பெரிய கலெக்டரு இவரு!” என்று ஏசினார்கள். ஏசட்டுமே! அன்றைக்கு எனக்கு அவ்வளவு மண்டைக்கனம்.

கரிசலில் கட்டிய ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. என் வீட்டையே காட்டினேன். மில் எந்திரங்களின் அதிர்வு இல்லாத விடுமுறை நாள், மதியம். முன்னறையில் பெட்டியை வைத்து, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து, வெளியே வேப்பமரத்தடியில் பேனாவோடு உட்கார்ந்தேன். ஜீப் சத்தம் தாளில் விழக் கூடாதென்று அதிகாரி அதை ஓட்டிக்கொண்டு தொலைவுக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வருவார்.

என் மனைவிக்கு ஏழு மாதம். தலைப்பிள்ளை.

“நான் பக்கத்து வீட்டுல போயி இருக்கட்டா?” என்று கேட்டாள்.

“எதுக்கு? அடுப்படியில சும்மா உக்காரு, போதும்” என்றேன்.

பேனா ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கோடு துள்ளியது. பதினொரு துள்ளல். காலடி! நிமிர்ந்து பார்த்தால், வாசலில் மோர்ச் செம்போடு நிற்கிறாள்.

“ஏட்டி, அறிவிருக்கா ஒனக்கு? தாளு கெட்டுப்போச்சே! இனி நான் கூப்பிடுத வரைக்கும் அசைஞ்சே, அவ்வளவுதான்!”

“வெயில்ல உக்காந்திருக்கியளேன்னுதான்...” என்றாள். முகம் சுண்டிப்போயிற்று. செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் தாளைக் கிழித்துக் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

அப்படி ஒரு தாள் என் வேலையில் அமைந்ததே இல்லை. முழுசாக அரை மணி நேரம். ஒரு காலடி கிடையாது. மண்ணின் ஆட்டம் மட்டும்தான். எனக்கு ஒரே குஷி. “எந்திரிட்டி, முடிஞ்சுபோச்சு!” என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன்.

அடுப்படிச் சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். சேலையெல்லாம் இரத்தம்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மைனி ஓடிவந்தாள். “அடிப்பாவி மவளே, வலி எடுத்தா ஒரு சத்தம் குடுக்க வேண்டாமா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அவிய அசையக் கூடாதுன்னு சொன்னாவ மைனி” என்றாள் இவள்.

ஜீப் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெண் பிள்ளை. அழவே இல்லை. “கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்” என்றார் டாக்டரம்மா. எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லாத கோழைப் பயல் நான்.

கரிசலுக்கு இதைவிடச் சுத்தமான பதிவு கிடையாது என்று அதிகாரி அந்தத் தாளை மேலிடத்துக்கு அனுப்பினார். எனக்குப் பாராட்டி ஒரு கடிதம்கூட வந்தது. நான் தேடியதோ கசக்கி எறிந்த அந்த முதல் தாளை. என் மகள் தாய் வயிற்றில் இருந்தபடி இந்த மண்ணில் நடந்ததற்குப் பதிவு அந்தப் பதினொரு அடிதானே! வேப்பமரத்தடி முழுக்கத் துழாவினேன்.

“கசங்கிக் கெடந்ததே, அந்தத் தாளா? அவளுக்கு வெந்நீர் போட அதத்தான அடுப்புல வச்சேன்” என்றாள் மைனி.

பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் உட்கார்ந்து ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால், நுனிக்காலில்தான் கடந்து போவாள். ஒரு நாள் தாங்க முடியாமல், “நல்லா மிதிச்சு நடட்டி, ஒன்னக் கும்பிடுதேன்” என்று அழுதேவிட்டேன்.

“பழகிப்போச்சு” என்றாள்.