வலப்பக்கம் சாய்ந்த எழுத்து

கல்முனையில் பெனர் அடிக்கும் கடையொன்றில் நான் டிசைனர். என் கைக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் அலங்காரம் ஒன்றும் இல்லாமல், ஒரே தடிப்பாக, வலப்பக்கம் சாய்த்துத்தான் எழுதுவேன். மென்பந்துச் சுற்றுப்போட்டி, டியூஷன் வகுப்பு, புரியாணிக் கடை எல்லாமே என் திரையில் ஓடத் தயாராக நிற்கும். நேராக நிற்கும் எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

என் உடன்பிறந்த ராத்தாவின் வீடு பெரிய வீதியோரம். அவருடைய ஆறு வயது மகள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீதியைக் கடந்து குர்ஆன் மத்ரஸாவுக்குப் போவாள். அந்த நேரம் பார்த்துத்தான், அவள் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்று கூப்பிடும் ஊர்ப் பெடியன்மார் பைக்கை முறுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் பறப்பார்கள். ஒருநாள் ஒரு பைக் பிள்ளையின் பர்தாவை உரசிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு ராத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“தம்பி, ஊருக்கெல்லாம் போர்ட் அடிக்கிறாய். என்ட புள்ளைக்கு ஒண்டு அடிச்சித் தரமாட்டியா?”

மஞ்சள் பின்னணியில் சிவப்பாக ‘மெதுவாகச் செல்லவும்’ என்று அடித்தேன். வழக்கம்போல் தடிப்பு, வழக்கம்போல் சாய்வு. எழுத்துகளின் பின்னால் காற்றைக் கிழிக்கிற கோடுகள் வேறு. ராத்தாவின் மதிலில் மாட்டிவிட்டு, மறுநாள் இருவரும் கேற்றடியில் நின்று பார்த்தோம். முதலில் வந்தவன் பலகையைப் பார்த்தான், சிரித்தான், இன்னும் முறுக்கினான். அடுத்தவன் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே போனான்.

“இதப் பாத்தா எனக்கே பைக் ஓட்டணும் போல இரிக்கி” என்றார் ராத்தா.

எனக்குச் சுருக்கென்றது. நிறத்தை மாற்றினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். சாய்வை மட்டும் விடவில்லை, ரோஷம். ராத்தா மகளின் கையை இறுக்கிப் பிடித்துக் கடந்தார். பைக்குகள் இருவரையும் வளைத்துக்கொண்டு போயின.

அந்தக் கிழமை ஊரில் ஒருவர் இறந்ததற்குப் பள்ளிவாசல் வாசலில் ஜனாஸா அறிவித்தல் வைத்தார்கள். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. அதுவும் நான் அடித்ததுதான். மௌத்துச் செய்தியில் மட்டும் என் சேட்டையைக் காட்டமாட்டேன், நேராக நிறுத்திவிடுவேன். பறந்து வந்த அதே பெடியன்மார் அங்கே வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றி நின்று, யார், எத்தனை மணிக்கு நல்லடக்கம் என்று முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் போனார்கள். நான் கடைக்குத் திரும்பி ஓடினேன்.

அதே வெள்ளை, அதே கறுப்பு, அதே நேர் எழுத்து. ‘மெதுவாகச் செல்லவும். பிள்ளைகள் வீதியைக் கடக்கிறார்கள்.’ கிட்ட வந்தால்தான் வாசிக்கலாம், அவ்வளவு சிறிதாக அடித்து ராத்தாவின் மதிலில் மாட்டினேன்.

மறுநாள் பின்னேரம் முன்சக்கரத்தைத் தூக்கினவனே முதலில் வந்தான். தூரத்திலேயே பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு, குர்ஆனை நெஞ்சோடு அணைத்தபடி கடந்துகொண்டிருந்த பிள்ளையிடம் கேட்டான்.

“தங்கச்சி, யாரு மௌத்து?”

அவள் நடு வீதியில் நின்று அவனைப் பார்த்தாள்.

“ஒத்தரும் இல்ல நானா.”