கார்த்திகத்தில் கொதித்த மட்டன் குழம்பு

மட்டன் குழம்பு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அடக்கிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. மகள் தன்னோடு வேலை பார்க்கும் தெலுங்குப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, அவனுடைய அப்பா அம்மாவை காஞ்சன்பாக்கில் உள்ள எங்கள் ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவர்கள் அரை மனதாகத்தான் இருக்கிறார்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். பையன் ஊரில் இல்லை. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில்தான் கல்யாணம் கூடுவதும் கூடாததும் இருந்தது.

“என்ன சாப்பிடுவாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க” என்றாள் மனைவி.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு? மட்டன் இல்லாம ஞாயித்துக்கிழமையே கிடையாதுன்னு பையனோட அப்பாவே சொல்லியிருக்காரு.”

புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியிருந்தோம். அது முடிந்து, தீபாவளியும் முடிந்து, அன்று ஐப்பசியின் ஒரு ஞாயிறு. இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் சுவரில் தொங்குவது தமிழ் நாட்காட்டிதான். தெலுங்குக்காரர்களுக்குத் தீபாவளிக்கு மறுநாளே கார்த்திகம் பிறந்துவிடும், பல வீடுகளில் அந்த மாதம் முழுக்கக் கறியைத் தொடமாட்டார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

வாசலிலேயே பையனின் அம்மா நின்றுவிட்டார். புடவைத் தலைப்பு மூக்குக்குப் போனது. “இது கார்த்திக மாசம் கதா, தெரியாதா அண்ணய்யா?”

“பக்கத்து வீட்டு வாசனைங்க. எங்க வீட்ல ரசமும் தயிரும்தான்” என்று கூசாமல் அளந்துவிட்டேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மனைவி என்னை முறைத்துவிட்டு உள்ளே போனாள். குழம்புச் சட்டி பின்பக்கப் பால்கனிக்குப் போயிற்று. புதுப் பாத்திரத்தில் ரசம் கொதித்தது. எப்படியோ தப்பித்தோம் என்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர், கையில் காலி டப்பாவோடு வந்து நின்றார். ஒரு பங்கு தருகிறேன் என்று காலையில் நான்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். “க்யா பாய், மட்டன் ஆயிடுச்சா? வாசனை எங்க வீடு வரைக்கும் வருது!”

பையனின் அப்பா முகம் இறுகிவிட்டது. அடுத்த பொய்க்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகள் எழுந்துவிட்டாள்.

தெலுங்கில் பேசினாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாளே என்று எத்தனை முறை அவளைத் திட்டியிருப்பேன்! அன்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். “அத்தய்யா, அது எங்க வீட்டு மட்டன்தான். உங்க மாசம் எங்களுக்குத் தெரியல. அது தப்பு. அப்பா மறைச்சது அதைவிடத் தப்பு. ஆனா விடிகாலைல கடைக்குப் போய் நின்னு, யாரையும் கரண்டி தொட விடாம, உங்களுக்காகத்தான் அவர் சமைச்சார். அவரை வேற மாதிரி நினைச்சுடாதீங்க. இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு தோணினா இப்பவே சொல்லிடுங்க. பொய்யை வெச்சுக்கிட்டு உங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்.”

குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதற்கு மேல், என்ன பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று நெஞ்சு விம்மியது. ஆபீஸில் வாங்கிய எந்தப் பாராட்டுக்கும் அப்படி விம்மியதில்லை.

பையனின் அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “முதல்ல அவர் டப்பாவை நிரப்பி அனுப்புங்க. பாவம், எவ்வளவு நேரம் நிப்பார்?”

அந்த அம்மாள் சிரித்தேவிட்டார். ரசமும் தயிரும் அப்பளமுமாகச் சாப்பிட்டார்கள். மனைவியின் ரசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கியபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கிளம்பும்போது அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “கார்த்திகம் முடிஞ்சு முதல் ஞாயித்துக்கிழமை வர்றோம் அண்ணய்யா. அந்த மட்டனைச் செய்யுங்க. அன்னிக்கே முகூர்த்தமும் பேசிடலாம்.”

கார் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். “பாத்தியா என் பொண்ணை?” என்றேன் மனைவியிடம்.

“உங்க பொண்ணா? நீங்க பொய் சொன்னீங்க. அவ உண்மையைச் சொன்னா. எந்தப் பக்கத்துல உங்களை மாதிரி இருக்கா?”

எந்தப் பக்கத்திலும் இல்லைதான். இருந்தும் என் பெண்தான் என்றேன்.