இரட்டைப் பாறை முக்கில் நிற்பவன்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் வரும் நேரங்கள் எதுவும் குத்துமதிப்பாகச் சொல்வதல்ல. சைக்கிளில் பொருத்தியிருந்த மீட்டரிலும் கைக்கடிகாரத்திலும் பார்த்தவை. அன்று மாலையே ஒரு தாளில் எழுதி, பூஜை அறையில் சுலோகப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

போனக்காடு தேயிலை மலை என்றதும் பழைய பேய் பங்களாக் கதைகளை நினைக்க வேண்டாம். இது பங்களாவில் நடக்கவில்லை. இரவிலும் நடக்கவில்லை. உச்சி வெயிலில் நடந்தது.

என் பெயர் ஆனந்தகிருஷ்ணன். வயது நாற்பத்தொன்று. வீடு வலியசாலையில், வேலை ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்து எட்டு வருடமாகிறது. எங்கள் ஊர் வெயிலில் சைக்கிள் ஓட்டுகிறவன் நாலரைக்கு எழுந்து, ஐந்துக்குத் தெருவைத் தாண்டி, பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் தார் இளகும். தலை சுற்றும். ஹெல்மெட் வாரில் வியர்வை காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். என் மனைவி ஜானவி அதைத் தொடவே மாட்டாள். குச்சியால் எடுத்துக் கொடியில் போடுவாள்.

நாங்கள் பதினோரு பேர். கூட்டத்தைத் தொடங்கியவன் ராகேஷ். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம். மலையில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. ஆகவே வழி இரண்டாகப் பிரியும் முக்கு எதுவானாலும், முன்னால் போகிறவன் அங்கே நிற்க வேண்டும். பின்னால் வருகிறவன் கண்ணில் பட்டதும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் நகரலாம். எவ்வளவு நேரமானாலும் சரி.

"முன்னில் போணவன் நிக்கணும். அத்ரே உள்ளூ," என்பான் ராகேஷ் மலையாளத்தில், அவ்வளவுதான் என்று.

இந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பகவான் மனிதர்களைப் பெரிய காரியங்களால் காப்பாற்றுவதில்லை, இதுபோன்ற சின்னச் சின்னக் கருணைகளால்தான் காப்பாற்றுகிறான் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சொன்னவன்தான் மீறினேன்.

வனத்துறை செக்போஸ்டிலிருந்து எஸ்டேட் கேட் வரை ஒரு பழைய மண்பாதை ஏறுகிறது. எங்கள் எல்லோருடைய நேரமும் போனில் ஒரு பட்டியலாக வரும். மூன்று வருடம் அதில் என் பெயர்தான் முதலில் இருந்தது. ஐம்பத்திரண்டு நிமிடம் பதினெட்டு விநாடி. பிப்ரவரியில் கிரிஷ் அதை உடைத்தான். எங்கள் தெருவிலேயே ஏழு வீடு தள்ளி இருக்கும் பையன். இருபத்தைந்து வயது. அவனுக்கு அந்தப் பாதையைக் காட்டிக் கொடுத்ததே நான்தான். அவன் நேரம் நாற்பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி.

அன்று சாயங்காலமே ஒரு தூக்கில் பால்பாயசத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"அண்ணா காட்டின வழிதானே. உங்க ஆசீர்வாதம்," என்று காலைத் தொட்டான்.

"என்ன அடக்கமான பிள்ளை," என்றாள் ஜானவி.

சர்க்கரை ஆகாது என்று பொய் சொல்லிப் பாயசத்தை ஒதுக்கினேன். அவன் திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"அண்ணன்டெ கிரீடம் போயல்லோ," என்று ராகேஷ் குரூப்பில் எழுதினான். சிரிக்கும் பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டேன். அதன்பின் இரண்டு மாதம், காலையில் சஹஸ்ரநாமம் சொல்லும்போதுகூட உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்பது நாற்பது. நாற்பத்தொன்பது நாற்பது.

ஏப்ரல். விஷுவுக்கு முந்தின ஞாயிறு. நானும் கிரிஷும் மட்டும் போனோம். அடிவாரத்து வித்துராவில் அவன் டயர் பக்கவாட்டில் கிழிந்திருப்பதைப் பார்த்தோம். கடை திறந்து, மாற்றி முடிக்கப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. செக்போஸ்டில் பெயர் எழுதிக் கொடுக்கும்போது கிரிஷ் வானத்தைப் பார்த்தான்.

"அண்ணா, இன்னிக்கு வேண்டாமே. வெயில் ஏறியாச்சு."

"பயமா?"

"உங்களுக்காகச் சொன்னேன்."

அந்த 'உங்களுக்காக' என்னைச் சுட்டது.

"எனக்காக ஒண்ணும் வேண்டாம். ஏறு," என்றேன்.

ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தோம். கிரிஷ் தன்னுடையதில் ஒன்றை, காவலுக்கு நின்ற முதியவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். யாரும் கேட்கவில்லை. அவனாகக் கொடுத்தான்.

11.14. தொடங்கினோம்.

முதல் வளைவிலேயே அவன் முன்னால் போய்விட்டான். மண் சூடு முகத்தில் அடித்தது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. 11.36-க்கு ஓடையை நெருங்கினேன். பாதையோரம் அவன் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. கீழே, பாறைகளுக்கு நடுவே, முதுகைக் காட்டிக் குனிந்து தலையை நனைத்துக் கொண்டிருந்தான்.

கூப்பிடவில்லை.

சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால்தான் பின்சக்கரம் டிக்டிக் என்று சத்தம் போடும். மிதித்துக்கொண்டே இருந்தால் சத்தம் வராது. நான் ஒரு விநாடிகூட நிறுத்தாமல், மெதுவாக, மூச்சை அடக்கி மிதித்து அவனைத் தாண்டினேன். அவன் திரும்பவில்லை.

இப்போது முன்னால் போகிறவன் நான். அது அவனுக்குத் தெரியாது.

11.41. இரட்டைப் பாறை முக்கு. வலது வழி எஸ்டேட்டுக்கு ஏறுகிறது. இடது வழி பள்ளத்தில் இறங்கிக் காட்டுக்குள் போய்விடும். முக்கில் நிழல் என்று சொல்ல ஒரு புதர்கூட இல்லை. வெறும் பாறை.

நிற்க வேண்டிய இடம். நிற்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். பாறையில் ஒரு பழைய சிவப்புச் சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சீட்டில் கனமாகத் தூசி. பக்கத்தில் யாருமில்லை. காற்றும் இல்லை.

அதன் முன்சக்கரம் மெதுவாகச் சுற்றிக் கொண்டிருந்தது.

யாரோ எஸ்டேட் ஆள் ஒதுங்கியிருப்பான் என்று நினைத்து வலது பக்கம் ஏறினேன். மனம் முழுவதும் நேரம்தான். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. கிரிஷ் இங்கே வந்ததும், நான் பின்னால் வருவதாக நினைத்து நிற்பான். அவன் சட்டத்தை மீற மாட்டான். இந்த வெயிலில், ஒரு பாட்டில் தண்ணீரோடு, வராத எனக்காக நிற்பான்.

புரிந்தும் மிதித்தேன்.

11.46. பின்னால் சத்தம் கேட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

கிரிஷ் பிடித்துவிட்டான் என்றுதான் முதலில் தோன்றியது. வேகத்தைக் கூட்டினேன். சத்தமும் கூடியது. அதே தூரம். பத்தடி இருக்கும்.

டிக்டிக்டிக்டிக்...

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இது செங்குத்தான ஏற்றம். மிதிக்காமல் ஒரு அடிகூட ஏற முடியாது.

மிதிக்கிறவன் சைக்கிளில் அந்தச் சத்தம் வராது.

பின்னால் வருகிறவன்... மிதிக்கவில்லை.

தலையைத் தாழ்த்தினேன். என் நிழல் சக்கரத்துக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அதற்குப் பின்னால் வேறு நிழல் இல்லை.

11.52.

"அண்ணா... கொஞ்சம் தண்ணி."

காய்ந்த சருகு உரசுவது போன்ற குரல். காதருகே.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பயம் மட்டும் என்னைத் தடுக்கவில்லை. நின்றால் நேரம் போய்விடும் என்ற நினைப்பும் இருந்தது.

"மேல போய்க் குடி," என்றேன்.

சத்தம் நின்றது.

சட்டென்று. வெட்டியது போல.

12.03-க்கு எஸ்டேட் கேட்டைத் தொட்டேன். நாற்பத்தொன்பது நிமிடம் இருபத்திரண்டு விநாடி. ஜெயித்துவிட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மண்ணில் ஒரே ஒரு டயர்த் தடம். என்னுடையது.

சந்தோஷம் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை.

12.10. கிரிஷ் வரவில்லை. 12.15. வரவில்லை. அந்த வெறும் பாறையை நினைத்தேன். இறங்கிப் போய்க் கூட்டிவர வேண்டும் என்று சைக்கிளைத் திருப்பினேன். போனால் நான் செய்தது அவனுக்குத் தெரிந்துவிடும். மறுபடி உட்கார்ந்தேன்.

அந்தக் கேட்டடியில் நான் உட்கார்ந்திருந்த நிமிடங்களுக்குத்தான் பகவானிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கிறேன்.

12.26-க்கு எழுந்தேன். போதும், தெரிந்தால் தெரியட்டும் என்று கொஞ்ச தூரம் இறங்கினேன். வளைவில் ஒரு தலை தெரிந்தது. கிரிஷ். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. ஆனால் சிரித்தான்.

"அண்ணா, நீங்க எப்படி மேல இருக்கேள்? நான் உங்களுக்காக அங்கே நின்னுண்டிருந்தேனே."

"வேற வழியா வந்தேன்," என்றேன். இன்னொரு பொய்.

"ஐயோ, அப்போ அந்த ஆள் பாவம்."

"எந்த ஆள்?"

"மேலேர்ந்து ஒருத்தர் சைக்கிளை உருட்டிண்டு வந்தார். சரியா பதினொண்ணு அம்பத்திமூணு, வாட்ச் பார்த்தேன். குடிக்கத் தண்ணி கேட்டார். இருந்த பாட்டிலைக் கொடுத்தேன்."

என் பின்னால் சத்தம் நின்றது 11.52-க்கு. அங்கிருந்து முக்குக்கு உருட்டிக்கொண்டு இறங்கக் குறைந்தது பத்து நிமிடம் வேண்டும்.

"நல்லா மடக்மடக்னு குடிச்சார் அண்ணா. ஆனா திரும்பத் தரச்சே பாட்டில்ல தண்ணி கொறையவே இல்லை. அந்தத் தண்ணி இல்லேன்னா நான் இவ்வளவு தூரம் ஏறியிருக்க மாட்டேன். சத்தியம்."

"அப்புறம்?"

"'நீ போ, உன் அண்ணன் வாற வரைக்கும் நான் நிக்கேன்'னார். வேண்டாம், வெயில் ஜாஸ்தின்னேன். 'சாரமில்ல, பரவாயில்ல, எனக்கு நின்னு பழக்கம்தான்'னு சிரிச்சார். உங்க பேரைக் கேட்டார். சொன்னேன். பாவம், போய்ச் சொல்லிட்டு வந்துடட்டா?"

அவன் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் இதுக்குள்ள போயிருப்பான். ஜீப் ரோடு வழியா இறங்கலாம்," என்றேன்.

அந்த முக்கை மறுபடி தாண்டாமல் இறங்கினோம்.

1.20-க்கு, லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே உள்ள தாசம்மாளின் டீக்கடையில் உட்கார்ந்தோம். எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளியவர். கிரிஷைப் பார்த்ததும் ஒரு குவளை மோரை அவன் கையில் திணித்தார்.

"உச்சி நேரத்துல இந்த வழிக்கா வந்திய? புத்தி உண்டுமா உங்களுக்கு? ரெண்டு வருசம் முன்னால இதே மாசம் எங்க லயத்துப் பய ஒருத்தன் போனான். பேரு பிரஜின். வித்துராவுல மொபைல் கடையில வேலைக்கு நின்னவன். பழசா ஒரு செவப்புச் சைக்கிள் வாங்கி, ஒரு கூட்டாளியோட ஏறுனான்."

"என்ன ஆச்சு?" என்றான் கிரிஷ்.

"இவன்தான் முன்ன. ஓடையில மூஞ்சி கழுவ எறங்கியிருக்கான். கூட வந்தவன் சத்தம் காட்டாமத் தாண்டி மேல போயிட்டான். என்னமோ யாரு முந்தின்னு போட்டியாம். இவனுக்குத் தெரியல. கூட்டாளி பின்னால வாறான்னு நெனச்சு அந்தப் பாறை முக்குல நின்னிருக்கான். நின்னான், நின்னான், அங்கனையே கெடந்தான். சாயங்காலந்தான் கண்டோம். பாட்டில்ல ஒரு சொட்டு இல்ல. கண்ணு ரெண்டும் கீழ வழியப் பாத்தபடிக்கு. அந்தக் கூட்டாளி பயலே பொறவு வந்து, என் காலப் புடிச்சு இதெல்லாஞ் சொல்லி அழுதான்."

கிரிஷ் மோரைக் கீழே வைத்தான்.

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"கிரிஷ், ஓடைகிட்ட நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் தாண்டினேன். முக்கிலேயும் நிக்கலை," என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அப்போ அவர் எப்போ வரைக்கும் நிப்பார் அண்ணா?"

வீட்டுக்கு வந்து பட்டியலிலிருந்து என் நேரத்தை அழித்தேன். ராகேஷிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் கோவிலில் அந்தப் பையன் பெயருக்கு ஒரு விளக்கு ஏற்றுகிறேன். அதற்கு மூன்றாவது ஞாயிறு, காரில், தாசம்மாள் கடை வரை மட்டும் போனேன். ஒரு பெரிய மண்பானை வாங்கிப் போயிருந்தேன். முக்கில் வைத்து, யாராவது தினமும் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று கேட்டேன்.

தாசம்மாள் பானையைத் தொடவில்லை.

"அங்க இப்ப யாரும் போறதில்ல தம்பி. முன்னயெல்லாம் அந்த எடத்துல ஒரு தொந்தரவும் கெடையாது. இந்த மூணு வாரமாத்தான்... வெறகு பொறுக்கப் போன பொம்பளைக மூணு பேரு ஓடியாந்துட்டாளுக. தனித்தனி நாளு. மூணு பேருட்டயும் ஒரே கேள்விதான் கேட்டிருக்கான்."

"என்ன கேள்வி?"

அவருக்கு என் பெயர் தெரியாது. அன்று கிரிஷ் என்னை அண்ணா என்று மட்டும்தான் கூப்பிட்டான்.

"ஆனந்தகிருஷ்ணன் வாறாரான்னு. யாரு தம்பி அது? உங்க கூட்டத்துல அந்தப் பேருல ஆரும் உண்டுமா?"